சாமி பாவும் புகை போட்ட முயலும்

புகை போட்ட முயல் கறி பார்ப்பதற்குக் கறி மாதிரியே இருக்காது. காய்ந்த புளியங்கட்டையைப் பிளந்து போட்டதுபோல் இருக்கும். தட்டினால் சத்தம் வரும். மூக்கருகே கொண்டுபோனாலும் அடுப்புப் புகை வாசம்தான் அடிக்கும். அதனால்தான் அதை எங்கள் வீட்டுத் தோட்டத்தில் விறகோடு விறகாக ஐந்து நாள் என்னால் மறைத்து வைக்க முடிந்தது.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் எங்கள் வீடு. நைனா, அம்மா, நான், என் மனைவி, பிறந்து இரண்டு மாதமான எங்கள் மகள். கூடத்தில் இரண்டு தறி. ஒன்றில் நைனா நெய்வார், இன்னொன்றில் நான்.

பிரசவத்தில் என் மனைவிக்கு ரத்தம் அதிகமாகப் போய்விட்டது. குழந்தை நன்றாக இருந்தது. இவள்தான் தேறவில்லை. முன்பெல்லாம் ஒரு புடவைக்குக் குறுக்கே ஓட வேண்டிய ஊடை நூலை ராட்டையில் சுற்றிக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டையும் போடுவாள். இப்போது நான்கு தார்க்குச்சி நிறைய நூல் சுற்றுவதற்குள் கை நின்றுவிடும். எழுந்தால் கண் இருட்டுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நகமெல்லாம் சுண்ணாம்பு பூசினது மாதிரி வெளுத்திருந்தது.

அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நர்சம்மா அவளுடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ரத்தமே இல்ல இந்தப் பொண்ணுக்கு. வீட்ல கறி, ஈரல் சாப்புடுவீங்க இல்ல?"

தலையாட்டினேன்.

"அப்ப குடுக்கறதுக்கு இன்னா? கீரைய மட்டும் போட்டுக்கினு இருந்தா எப்பப்பா தேறும்? கொழந்தைக்குப் பாலு வேற குடுக்கணும். இப்டியே உட்டா பொண்ணு படுத்துக்கும், சொல்லிட்டேன்."

கொடுப்பதற்கு என்ன தடை என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறப்பது சின்ன வயதிலிருந்தே ஆகாது. ஐந்தாம் வகுப்போடு நான் நின்றதற்கு வீட்டுக் கஷ்டம் பாதிக் காரணம். எழுந்து நின்று சத்தமாகப் படிக்கச் சொல்வார்கள் என்ற பயம் மீதிக் காரணம்.

தடை இதுதான். எங்கள் தெருக் கோயில் அம்மனுக்கு ஆடி மாதத் திருவிழாவில் சாத்துகிற பட்டுப் புடவையை ஒவ்வொரு வருஷமும் ஒரு வீட்டார் நெய்து கொடுப்பார்கள். முறை சுற்றி வரும். அந்த வருஷம் எங்கள் வீட்டு முறை. பன்னிரண்டு வருஷம் காத்திருந்து நைனாவுக்குக் கிடைத்த முறை அது. புடவை நெய்கிற வீட்டுப் பெரியவருக்குத்தான் திருவிழாவன்று கோயிலில் பரிவட்டம் கட்டுவார்கள். அதற்குரிய பட்டு நூல் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து, புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கோயிலில் சேர்க்கிற நாள்வரை, அந்த வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் சமைக்கக் கூடாது. ஏறக்குறைய ஐம்பது நாள். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நூல் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பலாம் என்றால் அவளுக்குத் தாய் இல்லை. முசரவாக்கத்தில் அண்ணன் ஒருவர்தான். அவரும் கல்யாணமாகாத ஆள். தறி வேலை பிடிக்காமல் குத்தகைக்கு நிலம் எடுத்து, அங்கிருந்த விவசாயக் குடும்பங்களோடு சேர்ந்து விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். போய் உட்கார்ந்து மோர் குடித்தேன். மழை எப்போது வரும் என்று பேசிக்கொண்டிருந்தோம். அரைமணி நேரம் போயிருக்கும்.

"மாப்ள, வாயில இன்னா கொழுக்கட்டையா? இவ்ளோ தூரம் சைக்கிள் மிதிச்சிக்கினு மழையப் பத்தி கேக்கவா வந்தே?" என்றார் மச்சான்.

அப்புறம் சொன்னேன். சிரித்துக்கொண்டிருந்தவர் முகம் மாறிவிட்டது. எழுந்து உள்ளே போய் என்னைக் கூப்பிட்டார். அடுப்புக்கு மேலே மூங்கில் கம்பில் ஆறேழு உருப்படிகள் கறுப்பாகத் தொங்கின.

பங்குனியில் ஏரி வற்றினதும் ஊர்க்காரர்கள் வலையும் நாயுமாகப் போய்ப் புதர்களில் முயல் பிடிப்பார்கள். பிடித்த அன்று சாப்பிட்டது போக மிச்சத்தை இப்படிப் பக்குவம் செய்துவைப்பது வழக்கம். தோலை உரித்துக் குடலை எடுத்துவிட்டு, மார்பைப் பிளந்து, மடங்காமல் இருக்க மூங்கில் சிம்பு செருகுவார்கள். உப்பும் மஞ்சளும் அழுத்தித் தேய்ப்பார்கள். அடுப்புக்கு மேல் கட்டி, கீழே உமியும் தேங்காய் மட்டையும் போட்டு மூட்டம் போடுவார்கள். நெருப்பு எரியவே கூடாது, புகைந்துகொண்டே இருக்க வேண்டும். எரிந்தால் மேலே வெந்து உள்ளே அழுகிவிடும். இரண்டு நாள் மூட்டம், அப்புறம் தினப்படி சமைக்கிற புகையே போதும். நல்லபடி புகை ஏறின முயல் மழைக்காலம்வரை கெடாது.

"ஆட்டுக்கறி மாதிரி இல்ல இது, கொழுப்பே கெடையாது. மொத்தமும் சதை. காஞ்சிட்டதால ஒரு கைப்பிடி எடுத்தின்னா நாலு கைப்பிடி கறிக்குச் சமம். பத்தியக்காரிக்குக்கூட வயித்த ஒண்ணும் பண்ணாது. ஆனா அப்டியே போட்டு வேவ வெக்காத. ராத்திரி பூரா கழுநீர்ல ஊறப் போட்டு, காலையில அந்தத் தண்ணிய கொட்டிடு. உப்பும் கசப்பும் அதுலதான் எறங்கும். அப்புறம் அம்மிக்கல்லுல வெச்சித் தட்டி, நாரு நாரா பிரிச்சிப் போட்டு, மிளகு தட்டிக் கொதிக்க வை" என்றார். இரண்டு முயலை வைக்கோலில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். கிளம்பும்போது, "சாமி விஷயம் மாப்ள. உங்க நைனாகிட்ட ஒரு வார்த்த கேட்டுடு" என்றார்.

சரி என்றேன். கேட்கவில்லை.

தோட்டத்தில் வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்து விறகுக் குவியலில் முயல்களைச் செருகினேன். அம்மா சமையலறையில் இருப்பார், நைனா தறியில் இருப்பார். குளிக்க வெந்நீர் போடுகிற சாக்கில் நான் தோட்டத்துக்குப் போவேன். விளிம்பு உடைந்த பழைய மண் சட்டி ஒன்றில் முந்தின நாள் மாலையே கழுநீரில் ஒரு துண்டை ஊறப் போட்டுவிடுவேன். விடியற்காலையில் அதைத் தட்டி, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு சேர்த்து ஒரு சொம்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து, அரைச் சொம்பாக வற்றினதும் இறக்குவேன். எனக்குச் சமையல் தெரியாது. சாறு கறுப்பாகத்தான் வரும். ஆனால் குடிக்கிற பதத்தில் இருந்தது.

முதல் நாள் கொண்டுபோய்க் கொடுத்தபோது என் மனைவி முகர்ந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது, வெறகக் கரைச்சிக் கொண்டாந்திருக்கீங்களா?"

"உங்க அண்ணன் குடுத்த முயலு."

சொம்பைக் கீழே வைத்துவிட்டாள். "வீட்ல சாமி நூலு இருக்குது."

"தெரியும்."

"மாமாவுக்குத் தெரியுமா?"

நான் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினேன். குழந்தை அழுதது. பால் போதாமல் அது அழுகிற அழுகை எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவள் சொம்பை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். அடியில் கிடந்த கறியை ஒவ்வொரு நாராக மென்று தின்றாள். "உப்பு தூக்கலா இருக்குது" என்று மட்டும் சொன்னாள்.

நான்காம் நாள் அவள் தானாக எழுந்துபோய்க் குழந்தையின் துணிகளை அலசினாள். சத்து அவ்வளவு சீக்கிரம் ஏறுமா என்று எனக்குத் தெரியாது. ஏறினதாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலை பாவுக்கு, அதாவது புடவையின் நீளத்துக்கு ஓடுகிற நூலுக்கு, கஞ்சி போடுவதாக இருந்தது. பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, நீர்த்த அரிசிக் கஞ்சியைத் தெளித்து, இழை இழையாகப் பிரித்துவிட்டுக் காயவைப்போம். அப்போதுதான் தறியில் நூல் அறுந்துபோகாமல் நிற்கும். வெயில் ஏறுவதற்கு முன் முடித்தாக வேண்டும். பத்துப் பேர் கை இல்லாமல் நடக்காது. சாமி பாவு என்பதால் அன்று தெருவே குளித்துவிட்டு வந்திருந்தது.

நான் அப்போது தோட்டத்தில் இருந்தேன். ஊறின கறியை எடுத்து ஒரு தகரக் குவளையில் போட்டு விறகுக்குள் ஒளித்துவைத்தேன். சட்டித் தண்ணீரை வாழைக்கு ஊற்றலாம் என்று தூக்கினபோது வாசலிலிருந்து ஒருவர் கத்தினார்.

"எங்கப்பா மாப்பிள்ளத் தொரை? பாவு நின்னுக்கினு இருக்குது, இன்னும் குளிச்சிக்கினா இருக்கே?"

சட்டியைக் கிணற்றடியிலேயே வைத்துவிட்டு ஓடினேன். கிணற்றடியில் ஏற்கெனவே இன்னொரு சட்டி இருந்தது. அம்மா விடியற்காலையில் குளித்து மடியாக, பச்சரிசியில் காய்ச்சி வடிகட்டி ஆறவைத்த கஞ்சி. இரண்டும் ஒரே அளவு. இரண்டிலும் வெளுத்த தண்ணீர்.

பாவை இழுத்துக் கட்டி முடித்தபோது அம்மா சட்டியோடு வாசலுக்கு வந்தார். விளிம்பு உடைந்த சட்டி. என்னுடையது.

நான் பார்த்தேன். பார்த்தது நிச்சயம். நைனா கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கையைச் சட்டிக்குள் விட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "அம்மா, அது இல்ல" என்றால் போதும். பத்துப் பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், ஏன் என்று கேட்பார்கள். அதை நினைத்துக்கொண்டே பாவின் ஓரத்துக்கு நகர்ந்தேன். நைனா தெளித்துக்கொண்டே நடந்தார். பின்னாலேயே இரண்டு பேர் இழைகளை நீவிக்கொண்டு போனார்கள். நானும் நீவினேன். முயல் தண்ணீரை அம்மன் புடவைக்கு என் கையாலேயே தடவினேன்.

முதலில் ஒரு நாய் வந்தது. எங்கள் தெருவில் எப்போதும் படுத்துக் கிடக்கிற செவலை நாய். பாவுக்கு அடியில் புகுந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு, நைனா போன வழியே போனது. சொட்டுகிற இடத்தில் நின்று மண்ணை நக்கியது. அப்புறம் இன்னொன்று வந்தது.

"பாருங்கடா, நாயிங்ககூட சாமி கும்புட வந்துக்கினு இருக்குதுங்க" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

செவலை நாய் பின்னங்காலில் எழும்பிப் பாவையே நக்கப் பார்த்தது. குச்சியால் விரட்டினார்கள். அது நாலடி தள்ளிப் போய், திரும்பி வந்து நின்றது. அப்போதுதான் என் சித்தப்பா தன் கையை முகர்ந்தார். அவர் நைனாவின் தம்பி, எதிர்வீடு.

"அண்ணே, கஞ்சி இன்னா கருவாட்டு நாத்தம் அடிக்குது?"

நைனாவும் முகர்ந்தார். விரலை நாக்கில் வைத்தார். துப்பினார். மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

"உப்பு கரிக்குது. கஞ்சில இன்னா போட்ட?"

"நான் ஒண்ணும் போடலியே! குளிச்சிட்டுத்தானே காச்சினேன்" என்றார் அம்மா.

"சாமி பாவுக்குக் கஞ்சி காச்சற சட்டியக்கூடவா பாத்து எடுக்க மாட்டே? இத்தினி வருஷம் இந்த வீட்ல இன்னா கத்துக்கினே நீ?" நைனா தெருவில் அம்மாவை அதட்டி நான் பார்த்ததே இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசல்களில் நின்றிருந்தார்கள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"அம்மா இல்ல, நான்தான்" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது. இன்னொரு தரம் சொன்னேன். இந்த முறை கத்திவிட்டேன். தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அது முயல் ஊற வெச்ச தண்ணி. அவளுக்கு ரத்தம் இல்லன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. கறி குடுக்கலன்னா படுத்துடுவான்னு சொன்னாங்க. அவ கேக்கல. நான்தான் குடுத்தேன்."

அதுவரை நான் அந்தத் தெருவில் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசினதில்லை. என் மனைவி குழந்தையோடு வாசற்படியில் நின்றிருந்தாள். தலை குனிந்துகொண்டாள்.

"அடப்பாவி" என்றார் ஒருவர். "சாமிக் குத்தம் ஆயிடுமேப்பா" என்றார் இன்னொருவர். நைனா குனிந்து பாவைத் தொட்டுப் பார்த்தார்.

"மொதல்ல தண்ணி கொண்டாங்க" என்றார். "உப்பு காஞ்சா நூலு போயிடும். ஜரிகை கறுத்துடும். கேக்கறதெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம்."

தெருவில் இருந்த குடங்கள் எல்லாம் வந்தன. பெண்கள் கிணற்றில் சேந்திக் கொடுக்க, ஆண்கள் ஊற்ற, மூன்று தரம் பாவை அலசினோம். சிக்கு விழாமல் அலசுவது சாதாரண வேலை இல்லை. அலசி முடித்து நைனா ஒரு இழையை நாக்கில் வைத்துப் பார்த்தார். தலையாட்டினார். ஈர வேட்டியோடு எங்கள் வாசலுக்கு வந்தார். என்னைத் தாண்டி என் மனைவியிடம் போய் நின்றார்.

"எத்தினி நாளா சாப்புடறே?"

"அஞ்சு நாளா மாமா."

"தல சுத்துதுன்னு சொல்லிக்கினு இருந்தியே. இப்ப எப்டி இருக்குது?"

அவள் குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றினாள். பொய் சொல்லிவிடலாமா என்று யோசித்திருப்பாள். "கொஞ்சம் தேவல மாமா" என்றாள் அப்புறம்.

தெருவின் பெரிய மனிதர் ஒருவர் முன்னால் வந்தார். "நடந்தது நடந்துபோச்சி. வீட்டக் கழுவி, மஞ்சத்தண்ணி தெளிச்சி, கோயில்ல ஒரு பூச பண்ணிடு. மிச்சம் இருக்கறத தூக்கி வெளிய போட்டுட்டு இன்னிலேர்ந்து சுத்தமா இரு. உன் முறை, உன் வீட்லயே நடக்கட்டும்" என்றார்.

அது கருணையான யோசனைதான். நான் நைனாவைப் பார்த்தேன். அவருடைய பதிலில்தான் என் மனைவியின் உடம்பு இருந்தது. சரி என்று அவர் சொல்லிவிட்டால் இன்னும் நாற்பது நாளுக்கு மேல் அவளுக்குக் கீரையும் மோரும்தான்.

நைனா வேட்டி முனையைப் பிழிந்துகொண்டே நின்றார். பிழிந்து முடித்தும் கையை எடுக்கவில்லை.

"வீட்டக் கழுவுனா கறிய நிறுத்தணும்" என்றார். "அது நிக்கக் கூடாது." பிறகு சித்தப்பாவைப் பார்த்து, "தம்பி, பாவ உன் வீட்டுத் தறியில ஏத்திக்க" என்றார்.

சித்தப்பா பதறினார். "அண்ணே, உன் முறை இது. பன்னண்டு வருஷம் அண்ணே! உன் தலையில கட்ட வேண்டிய பரிவட்டத்த நான் கட்டிக்கினு நிக்கவா?"

"கட்டிக்க. உனக்கு இன்னா தலை சின்னதா?" என்றார் நைனா. ஒருவர் சிரித்துவிட்டார். அதோடு தெருவின் இறுக்கம் தளர்ந்தது. "கோயில் பூசைய உன் வீட்லேர்ந்து பண்ணிடலாம். நெய்யறது நான் வந்து நெய்யறேன். கை என்னுதா இருக்கட்டும், வீடு உன்னுதா இருக்கட்டும்."

கறி சமைக்கிற வீட்டில் இருந்துகொண்டு சாமி புடவை நெய்யக் கூடாது என்று அன்று மாலையே நைனா தன் துணிமணியையும் படுக்கையையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். என்னோடு அவர் பேசவில்லை. அந்த நாற்பது சொச்ச நாளும் பேசவில்லை.

அம்மா கோபத்தை வேறு விதமாகக் காட்டினார். விறகுக் குவியலைக் கலைத்து மீதி முயலை எடுத்துவந்து சமையலறையில் வைத்தார். நான் சமைத்த விதத்தைக் கேட்டு, "வெறும் மிளகுத் தண்ணியா குடுத்தே? அடப்பாவி, ஆட்டக் கட்டிப்போட்டு எட்ட நின்னு தழைய காட்டினா மாதிரி இருக்குதே" என்றார். கறியை ஊறவைத்து, தட்டி, நல்லெண்ணெயில் சீரகமும் வெங்காயமும் வதக்கி, முருங்கைக்கீரை ஒரு பிடி சேர்த்து, கடைசியில் பாதி எலுமிச்சம்பழம் பிழிந்தார். அம்மா கையில் அந்தக் கறுப்புக் கட்டை மணக்கிற குழம்பாக மாறியது. புகை வாசம் அதில் குறையாக இல்லாமல் ருசியாக இருந்தது. எலுமிச்சை பிழிந்தால் கறியில் இருக்கிற சத்து உடம்பில் நன்றாகப் பிடிக்கும் என்று நர்சம்மா பின்னால் ஒரு நாள் சொன்னார். அம்மா அதை ருசிக்காகத்தான் செய்தார்.

மச்சான் வாரத்துக்கு ஒரு தரம் சைக்கிளில் வந்து கொடுத்துவிட்டுப் போனார். ஒரு தரம் புகை போட்ட கௌதாரி கொண்டுவந்தார். அது எலும்பும் தோலுமாக இருந்தது, கடிக்கவே முடியவில்லை. "இதுக்கு இதத் தொங்க உட்ட மூங்கில் கம்பே மெத்துனு இருக்கும்" என்று என் மனைவி அண்ணனைக் கேலி செய்தாள். அவள் கேலி பேசி நாங்கள் கேட்டு மாதக் கணக்கு ஆகியிருந்தது.

தினமும் உச்சி நேரத்தில் நைனா சித்தப்பா வீட்டுத் தறியிலிருந்து எழுந்து வந்து, தெருவில் எங்கள் வாசலுக்கு நேராக நிற்பார். படி ஏற மாட்டார். "இன்னிக்குச் சாப்டுச்சா?" என்று அம்மாவைக் கேட்பார். சாப்பிட்டது என்று அம்மா சொன்னதும் திரும்பிப் போய்விடுவார். மழை பெய்த ஒரு நாள் தலையில் கோணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து நின்று கேட்டார்.

திருவிழாவன்று சித்தப்பாவுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். நைனா கூட்டத்தில் நாலைந்து பேருக்குப் பின்னால், என் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். அம்மன் புடவை சிவப்பு உடலும் பச்சைக் கரையுமாக விளக்கு வெளிச்சத்தில் நன்றாக இருந்தது. எங்கேயும் ஒரு கறை இல்லை. நான் அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் நைனா படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அன்று சமைத்தது என் மனைவி. பரிமாறினதும் அவளே. சோற்றையும் கீரையையும் வைத்துவிட்டு, முயல் குழம்புச் சட்டியோடு தயங்கி நின்றாள்.

"அத ஏன் கையிலயே வெச்சிக்கினு நிக்கறே? நானும் பத்தியமா?" என்றார் நைனா.

அவள் இரண்டு கரண்டி ஊற்றினாள். அவர் பிசைந்து ஒரு வாய் போட்டு நிதானமாக மென்றார். பிறகு என் பக்கம் பார்க்காமலேயே, "நீயும் ஒக்காருடா, சோறு ஆறிக்கினு இருக்குது" என்றார். நான் அவருக்குப் பக்கத்தில் இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.